சமையலறைச் சிம்னியில் உயிரே இல்லையா? ஒரிஜினல் போர்டு, யுனிவர்சல் போர்டு, நேரடி சுவிட்ச்: எது தேறும்?

பட்டனைத் தொட்டால் பீப் சத்தம் இல்லை, விளக்கு இல்லை, மோட்டாரிலிருந்து முனகல்கூட இல்லை. உடனே வருகிற தீர்ப்பு "போர்டு போயிடுச்சு". பல நேரம் போர்டு போயிருக்காது. அதனால் மூன்று வழிகளையும் தராசில் வைப்பதற்கு முன்னால் போர்டு, அதாவது சிம்னியை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை, உண்மையிலேயே செத்ததா என்று பார்த்துவிடுவோம். (விளக்கு எரிந்து, மோட்டார் மட்டும் 'உம்' என்று நின்றால் அது வேறு நோய், பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்.)

முதலில் பிளக் பாயின்ட். சிம்னிக்கான பாயின்ட் பரண் ஓரத்திலோ டக்ட் கவருக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். அங்கே டெஸ்டரை வைத்து "கரன்ட் வருதே" என்று முடிவு கட்டாதீர்கள். நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) அறுந்திருந்தாலும் டெஸ்டர் பளிச்சென்று எரியும். டேபிள் ஃபேனையோ டெஸ்ட் லேம்பையோ அதே பாயின்டில் செருகிப் பாருங்கள். அது ஓடினால், சிம்னியின் பிளக்கைக் கழற்றித் திறந்து, ஸ்குரூ அடியில் வயர் கருகியிருக்கிறதா, எலி கடித்த இடம் உண்டா என்று பாருங்கள்.

அடுத்தது, வாரன்டி முடிந்திருந்தால், போர்டு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். கரன்ட் நுழைகிற இடத்திலேயே 20 மி.மீ. நீளக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். உள்ளே இழை மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால், அதே ஆம்பியரில் ஒன்று போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்திருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். பக்கத்தில் நாணயம் போல நிற்கும் வேரிஸ்டரைப் பாருங்கள், வோல்டேஜ் எகிறினால் போர்டைக் காக்கும் பாகம் அது. 10D471 அல்லது 14D471 என்று எழுதியிருக்கும். தெருவில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கிப் பாய்ந்தால், முதலில் வெடித்து ஃபியூஸை எரியவைப்பது இதுதான். இரண்டையும் மாற்றினால் உயிர் பிழைக்கிற போர்டுகள் உண்டு. செலவு ஒரு பிளேட் பரோட்டா அளவுக்குக்கூட வராது. வேரிஸ்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றினாலும் ஓடும், ஆனால் அடுத்த முறை பலியாவது போர்டேதான். ஃபியூஸுக்குப் பதில் செம்பு இழையைச் சுற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

பண்டிகைச் சுத்தத்துக்கு மறுநாள் செத்த சிம்னி என்றால், டச் பேனலுக்குள் சோப்புத் தண்ணீர் இறங்கியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவைத்த பிறகு பாருங்கள்.

இதையெல்லாம் தாண்டியும் அசையவில்லை என்றால்தான் போர்டு மாற்றும் பேச்சு. புதுசு வாங்குமுன் மோட்டார் கனெக்டரைக் கழற்றி, காமன் வயருக்கும் (மூன்று ஸ்பீடுக்கும் பொதுவானது) மூன்று ஸ்பீடு வயர்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். மூன்றிலும் அளவு வர வேண்டும். வயருக்கும் தகர பாடிக்கும் இடையே எதுவும் வரக் கூடாது. ஷார்ட் ஆன மோட்டார், தனக்குக் கரன்ட் விடுகிற புது போர்டின் ரிலேயையும் (மின் சுவிட்ச்) தின்றுவிடும்.

ஒரிஜினல் போர்டின் பலம், கனெக்டர் அப்படியே பொருந்துவது. ஆட்டோ கிளீன் (ஹீட்டர் சூட்டில் எண்ணெய்ப் பிசுக்கை உருக்கும் வசதி), கையசைப்பு சென்சார் எல்லாம் திரும்பி வரும். விலை குத்தும், பழைய மாடலுக்குக் கிடைக்காமலும் போகும். வாரன்டி இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், ஒரு ஸ்குரூகூடக் கழற்றாதீர்கள்.

எல்லாக் கம்பெனி சிம்னிக்கும் என்று விற்கும் யுனிவர்சல் போர்டு விலையில் ஜெயிக்கும், வயரிங்கில் காலை வாரும். வயர் நிறத்தை நம்பி இணைக்கக் கூடாது. ஓம்ஸ் அளந்துதான் இணைக்க வேண்டும். பெரிய பொறி விளக்கில் இருக்கிறது. பழைய போர்டு 12 வோல்ட் எல்இடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்க, புதிய போர்டின் விளக்கு முனையில் 230 வோல்ட் வந்தால், விளக்கைப் போட்ட நொடியில் அது புகைந்துவிடும். முன் கண்ணாடியில் ஏற்கெனவே அச்சடித்த பட்டன் குறிகளோடு புது டச் புள்ளிகள் பொருந்தாத தொல்லையும் உண்டு.

நேரடி சுவிட்சை, அதாவது போர்டே இல்லாமல் மோட்டாரைச் சுவிட்சில் இணைப்பதை, மெக்கானிக்குகள் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். வாரன்டி முடிந்த, ஆட்டோ கிளீன் இல்லாத சிம்னிக்கு என் ஓட்டு இதற்குத்தான். எண்ணெய்ப் பிசுக்கும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் கெடுக்க அதில் எலக்ட்ரானிக்ஸே இல்லை. நியூட்ரல் காமனுக்கு, ஃபேஸ் சுவிட்ச் வழியாக ஸ்பீடு வயருக்கு. கெப்பாசிட்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் மூன்று சாதாரண சுவிட்சுகளைப் போடாதீர்கள். யாராவது இரண்டை ஒன்றாகப் போட்டால், இரு ஸ்பீடு முனைகளுக்கு நடுவிலுள்ள சுற்று ஷார்ட் ஆகி மோட்டார் வெந்துவிடும். ஏர் கூலரில் வரும் ரோட்டரி சுவிட்சோ, ஒன்றை அழுத்தினால் மற்றது எகிறிக் கொள்கிற பழைய சிம்னி பட்டன் செட்டோ வேண்டும்.

ஆட்டோ கிளீன் ஹீட்டர் உள்ள சிம்னியில் இந்த வழிக்குப் போனால், ஹீட்டர் வயர்களைத் தனியே கழற்றி டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். அதை நேரத்துக்கு அணைத்துக்கொண்டிருந்தது போர்டுதான். சாதா சுவிட்சில் மறந்துவிட்டால் எண்ணெய்க் கசடு தீப்பிடிக்கும்.

கவரை மூடுமுன் பச்சை (எர்த்) வயர் பாடியில் இறுகியிருக்கிறதா என்று, பிளக்கின் பெரிய பின்னிலிருந்து தகரம் வரை மல்டிமீட்டரில் பீப் கேட்டுப் பாருங்கள்.