இதயத் துடிப்புக்கு ஜீன் டெஸ்ட்: லேபுக்கு மூன்று ஸ்டார், ஆலோசகருக்கு ஐந்து

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருந்துகொண்டு பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேபின் பெயரைப் போடவில்லை, விசாரித்த இடங்களிலெல்லாம் கிட்டத்தட்ட இதே பேக்கேஜ், இதே பேச்சுதான். டெஸ்ட் உருப்படியானது. ரிப்போர்ட் கொடுத்த விதம் மோசம். அந்த ரிப்போர்ட்டை எங்களுக்குப் புரியவைத்த மரபணு ஆலோசகர் இல்லையென்றால் கட்டிய காசு தண்டம்.

டெஸ்ட் அக்கா மகளுக்கு. ஸ்கூலில் ரிலே ஓடும்போது விழுந்தாள், கை கால் வெட்டி இழுத்தது, வலிப்பு என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இது இவளுக்கு மட்டும் நடந்ததில்லை, இந்த நோய்க்காரர்களில் நிறையப் பேர் முதலில் வலிப்புக்காரர்களாகத்தான் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். கோவையில் ஒரு இதய டாக்டர்தான் ஈ.சி.ஜி. தாளை மேஜையில் விரித்து, கருவி அச்சடித்துக் கொடுத்த எண்ணை நம்பாமல் தானே கட்டம் கட்டமாக எண்ணி, க்யூ.டி. இடைவெளி, அதாவது இதயம் ஒரு முறை துடித்து மறுபடி தயாராக எடுக்கும் நேரம், 480 மில்லிசெகண்டைத் தாண்டுகிறது என்றார். அந்த நேரம் நீண்டுபோகும் நோய்க்குப் பெயர் லாங் க்யூ.டி. சிண்ட்ரோம். ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது கணக்கு.

விஷயம் இதுதான். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும், அதற்கு உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே போக வேண்டும். அந்த வழியை உருவாக்கும் ஜீனில் எழுத்து மாறியிருந்தால் செல் தயாராகும் நேரம் நீள்கிறது, அந்த இடைவெளியில் துடிப்பு தாறுமாறாகி ரத்தம் மூளைக்குப் போகாமல் ஆள் சாய்கிறார். முக்கியமான ஜீன்கள் மூன்று. கே.சி.என்.க்யூ1-இல் குறை என்றால் ஓட்டமும் நீச்சலும் ஆபத்து. கே.சி.என்.ஹெச்2 என்றால் திடீர்ச் சத்தம், அலாரம், நடு ராத்திரி போன் மணி. எஸ்.சி.என்.5ஏ சோடியம் சம்பந்தப்பட்டது, அதில் ஆபத்து பெரும்பாலும் தூக்கத்திலும் ஓய்விலும். மூன்றையும் 1995-96 வாக்கில்தான் கண்டுபிடித்தார்கள். நோய் உறுதியானவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத்தான் ஜீனில் குறை பிடிபடும். மற்றவர்களுக்கு ரிப்போர்ட் சுத்தமாக வரும், அதை வைத்து நோயே இல்லை என்று நிம்மதியாகிவிட முடியாது.

சரி, சேவைக்கு வருவோம். ரத்தம் எடுக்க மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்தார். பர்ப்பிள் மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம், பெயரும் பிறந்த தேதியும் ஒட்டி, எங்களையே படித்துப் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் பெட்டியில் வைத்தார். இந்த இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழே இறங்கும் வழியில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டபோது, ரத்தம் வீணாகாது என்று போன் செய்தும் சொன்னார். குன்னூரில் 1907-லிருந்து தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் இருக்கிற மலை இது, நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறை இருப்பதை 1952-லேயே ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்த மலை, இன்னும் ஒரு ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. அது லேபின் தப்பில்லை.

தப்பு புக்கிங்கிலேயே ஆரம்பித்தது. டாக்டர் சீட்டில் எழுதியது லாங் க்யூ.டி.க்கான சின்ன பேனல், அதாவது அந்த நோய்க்கான சில ஜீன்களை மட்டும் பார்ப்பது. போனில் பேசிய பெண் "சார், அதைவிட நூத்துச் சொச்சம் ஜீன் பார்க்கிற பேக்கேஜ் இருக்கு, கொஞ்சம்தான் கூட வரும்" என்று விடாமல் பிடித்தார். வாங்காதீர்கள். இந்த நோயோடு சேர்த்துப் பேசப்பட்ட 17 ஜீன்களையும் 2020-இல் நிபுணர் குழு ஒன்று மறுபடி அலசியபோது, பாதிக்கு மேல் போதிய ஆதாரம் இல்லாதவை என்று ஒதுக்கியது, வழக்கமான வகைக்கு உறுதியாக நின்றவை மேலே சொன்ன அந்த மூன்றுதான். இன்னொரு பரம்பரைத் துடிப்புக் கோளாறான புருகாடா சிண்ட்ரோம் கதை இன்னும் வேடிக்கை: 2018-இல் 21 ஜீன்களை அலசி, எஸ்.சி.என்.5ஏ ஒன்றைத்தான் மிச்சம் வைத்தார்கள். ஜீன் கூடக் கூடத் தெளிவு கூடாது, குழப்பம்தான் கூடும்.

எங்கள் ரிப்போர்ட்டே சாட்சி. சொன்ன தேதியைத் தாண்டி, நாங்கள் நச்சரித்த பிறகு மெயிலில் வந்தது, முழுக்க இங்கிலீஷ். முதல் பக்கத்தில் கே.சி.என்.க்யூ1-இல் நோய் உண்டாக்கக்கூடிய மாற்றம் ஒன்று. அதற்குக் கீழேயே அதே தடித்த எழுத்தில் எஸ்.சி.என்.5ஏ-யில் "முக்கியத்துவம் தெரியாத" மாற்றம் ஒன்று. அக்கா ரெண்டு நோய் என்று நினைத்து அன்றைக்குச் சமைக்கவே இல்லை. ரெண்டாவது, நோய் உண்டாக்குமா என்று இன்னும் தெரியாதது, இப்போதைக்கு ஒதுக்கிவைக்க வேண்டிய சமாசாரம். உலக ஜீன் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் அதிகம், அதனால் நம்மிடம் சாதாரணமாக இருக்கும் மாற்றம்கூட அங்கே அபூர்வமாகத் தெரிந்து இந்தப் பட்டியலில் வந்து விழுகிறது. இதைச் சொல்ல ரெண்டு வரி போதும், அந்த ரெண்டு வரியை லேப் எழுதவில்லை.

ஆலோசகர் மேடம் வீடியோ காலில் வந்தார், தமிழில் பேசினார். ஜீனைப் பற்றி ஆரம்பிக்காமல், ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டு மூன்று தலைமுறையை வரைந்துகொண்டே கேட்டார்: காலையில் எழுப்பப் போய் எழாதவர் யாராவது உண்டா, காரணமில்லாமல் வண்டியை மரத்தில் விட்டவர் உண்டா, வலிப்பு என்று மாத்திரை சாப்பிட்டவர், பிறவியிலேயே காது கேட்காதவர், சொந்தத்தில் கல்யாணம், தண்ணீரில் போனவர். கடைசிக் கேள்விக்கு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். சின்ன மாமா தோட்டத்து அணையில் மூழ்கித்தான் போனார். "அவன் மீன் மாதிரி நீந்துவாம்மா, காத்து கருப்புன்னுதான் பேசிக்கிட்டாங்க" என்றார். மேடம் அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் "நீர்" என்று எழுதிவிட்டு, "அம்மா, முதல்ல உங்க ரத்தத்தைப் பார்க்கணும்" என்றார்.

காது கேட்காதவரைப் பற்றிக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. 1957-இல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள், ஆறு பிள்ளைகளில் நாலு பேருக்குக் காது கேட்காது, மயங்கி மயங்கி விழுவார்கள், அதில் மூவர் திடீரென்று இறந்துபோனார்கள். அப்பா, அம்மா ரெண்டு பேரிடமிருந்தும் குறையுள்ள ஜீன் வந்தால் அந்தக் கடுமையான வகை. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்ளும் வீடுகளில் இந்தக் கேள்வியை விடக் கூடாது.

எங்களுக்கு வந்தது ஒற்றைப் பிரதி வகை, அதாவது குறையுள்ள ஜீன் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. முதல் ஆளுக்குத்தான் செலவு, 20,000 ரூபாயைத் தொட்டது. அதற்குப் பிறகு உறவுக்காரர்களுக்கு அந்த ஒரு எழுத்தை மட்டும் பார்த்தால் போதும், மிகக் குறைவு. அம்மாவுக்கு இருக்கிறது, அக்காவுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை, அக்கா மகனுக்கும் இல்லை. அவன் இனி இதற்காக வருஷா வருஷம் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டியதில்லை. அம்மா நம்பவே இல்லை: "ஆயுசு முழுக்கக் கூடையைச் சுமந்து கொழுந்து எடுத்தவ நான், ஒரு நாள் தலை சுத்தல." உண்மைதான், ஜீன் இருந்தும் ஈ.சி.ஜி. சாதாரணமாகவே இருப்பவர்கள் உண்டு, ஆனாலும் இந்த நோய்க்கு ஆகாத மருந்து ஏதாவது கொடுத்தால் அவர்களுக்கும் ஆபத்துதான்.

லேப் கோட்டைவிட்ட பெரிய இடம் இந்த மருந்து. ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை இல்லை. மலை இறங்கும் முன்பு நம் ஊரில் பாதிப் பேர் வாந்தி மாத்திரை போடுகிறோம். அதில் ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன் இரண்டும் லாங் க்யூ.டி.காரர்கள் தவிர்க்க வேண்டியவை, சளிக்கு மெடிக்கலில் எடுத்துக் கொடுக்கும் அஸித்ரோமைசினும் அப்படியே. வாந்தி, பேதி என்று பொட்டாசியம் குறைந்தாலும் சிக்கல். மேடம்தான் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து மருந்து டப்பாவிலேயே ஒட்டிவிட்டாள். பிள்ளை இப்போது தினமும் துடிப்பை அடக்கிவைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறாள், ஒரு வேளைகூட விடக் கூடாது. நீச்சல் கிடையாது, ஓட்டப் பந்தயம் பற்றி டாக்டர் அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

இன்னொரு குறை. நாங்கள் சிலோனிலிருந்து வந்து டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம், பெரிய மாமா சிலோனிலேயே தங்கிவிட்டார், அவர் பிள்ளைகள் அங்கே ஹட்டனில் இருக்கிறார்கள். உறவினர் டெஸ்ட் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று லேப் கைவிரித்துவிட்டது, அது புரிகிறது. ஆனால் அந்த மாற்றத்தின் சரியான பெயர் எழுதிய ஒரு பக்கத்தைத் தனியாகக் கேட்டதற்குக்கூட இழுத்தடித்தார்கள். அங்கே எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பெயர் இருந்தால்தான் எதைத் தேடுவது என்று தெரியும். மேடம் தமிழிலேயே உறவினர் கடிதம் ஒன்று எழுதி, அந்தப் பெயரையும் போட்டுக் கொடுத்தார், முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள், அப்புறம் ஜீன் என்று அதில் இருக்கிறது.

நீங்கள் எடுப்பதாக இருந்தால் டாக்டர் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்த பிறகு எடுங்கள், சும்மா பயத்தில் எடுக்காதீர்கள். டெஸ்டுக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவாரா, தமிழில் பேசுவாரா, அது பில்லில் சேர்த்தியா என்று கேளுங்கள். அந்த "முக்கியத்துவம் தெரியாத" மாற்றத்தைப் பிற்பாடு புதுத் தரவு வந்ததும் காசில்லாமல் மறுபடி பார்ப்பார்களா என்பதையும் கேட்டு, பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.