தையல் கூடத்துக்குச் சர்வோ மோட்டார்: ஒரு ஜாப் ஒர்க் உரிமையாளரின் மதிப்பீடு

திருப்பூரில் ஜாப் ஒர்க் முறையில், அதாவது பிறர் தரும் துணியைக் கூலிக்குத் தைக்கும் முறையில், பனியன், டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்கள் பலவற்றில் தையல் இயந்திரங்கள் இன்றும் கிளட்ச் மோட்டாரில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் கூடத்தில் உள்ள 12 சிங்கிள் நீடில் (ஒற்றை ஊசி) இயந்திரங்களிலும் அந்த மோட்டார்களைக் கழற்றிவிட்டு 550 வாட் சர்வோ மோட்டார்களைப் பொருத்தி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பல பெயர்களில் விற்கப்படும் இந்த மோட்டார்களின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எந்த ஒரு பிராண்டையும் முன்னிறுத்தாமல் இந்த வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

கிளட்ச் மோட்டாரின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் மின்சாரம் எங்கே வீணாகிறது என்பது தானாகவே விளங்கிவிடும். காலையில் ஸ்விட்சைப் போட்ட நொடியிலிருந்து அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று வேகத்தில் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். டெய்லர் பெடலை மிதிக்கும்போது கிளட்ச் தட்டு அந்தச் சுழற்சியைப் பிடித்து, பெல்ட் வழியாக இயந்திரத்துக்குக் கொடுக்கிறது. காலை எடுத்தால் ஊசி நிற்கும், மோட்டார் நிற்காது. துணியை எடுப்பது, ஓரம் சேர்த்துப் பிடிப்பது, நூல் வெட்டுவது, தைத்ததை அடுக்கி வைப்பது, பண்டலைப் பிரிப்பது ஆகியவற்றில்தான் ஒரு டெய்லரின் நேரத்தில் பெரும்பகுதி கழிகிறது. லேபிள் வைப்பது, பட்டன் பட்டி தைப்பது போன்ற துண்டு வேலைகளில் ஊசி உண்மையில் ஓடுவது ஷிப்டின் கால் பங்கு நேரம்தான். மீதி முக்கால் பங்கு நேரமும் கிளட்ச் மோட்டார் யாருக்கும் பயனின்றி மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. சர்வோ மோட்டாரோ பெடலை மிதித்தால் மட்டுமே சுழல்கிறது, காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது. விற்பனையாளர்கள் விளம்பரப்படுத்தும் சேமிப்பில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம் என்று கருதியதால், பிளக்கில் செருகி அளக்கும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி இரண்டு மோட்டார்களையும் ஒரே இயந்திரத்தில் பொருத்திப் பார்த்தோம். தைக்காமல் சும்மா ஓடும்போது பழைய மோட்டார் 200 வாட் அளவிலும், தைக்கும்போது 320 வாட் அளவிலும் காட்டியது. சர்வோ மோட்டார் சும்மா இருக்கும்போது 5 வாட்டும், தைக்கும்போது சராசரியாக 150 வாட்டும் காட்டியது. 8 மணி நேர ஷிப்டில் 2 மணி நேரம் மட்டுமே ஊசி ஓடுகிறது என்று கொண்டால், பழைய மோட்டாருக்கு 1.84 யூனிட், புதியதற்கு 0.33 யூனிட், ஒரு இயந்திரத்துக்கு, ஒரு ஷிப்டுக்கு ஒன்றரை யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 12 ரூபாய், 25 வேலை நாட்களுக்கு 300 ரூபாய். மோட்டாரின் விலை 4,000 ரூபாயை ஒட்டி இருந்ததால், ஒரு ஷிப்ட் மட்டும் ஓடும் கூடத்தில் ஏறத்தாழ 13 மாதங்களில் முதல் திரும்பிவிடும். சீசன் காலத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவோருக்கு இன்னும் விரைவாகத் திரும்பும். பழைய மோட்டாரின் செம்புக் கம்பிக்குக் காயலான் கடையில் கிடைத்த தொகையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கே பலரையும் தயங்க வைப்பது பெயர்ப் பலகையில் உள்ள எண்தான். கிளட்ச் மோட்டாரில் அரை குதிரைத்திறன், அதாவது 370 வாட் என்று எழுதியிருக்கும். சர்வோ மோட்டாரில் 550 வாட் என்று இருக்கும். எண் பெரிதாக இருப்பதால் பில்லும் பெரிதாக வரும் என்று அனுபவமுள்ள உரிமையாளர்களே என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். அந்த 550 என்பது மோட்டாரால் எட்டக்கூடிய உச்சத் திறன். சாதாரண பனியன் துணியைத் தைக்கையில் அது அந்த அளவை நெருங்குவதே இல்லை. ஆனால் மின்கட்டணத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்த்தப்பட்ட பிறகு சிறு தொழில்களை அதிகம் வருத்துவது நிலைக்கட்டணம். அது ஒப்பந்த மின்சுமையை, அதாவது இணைப்புக்காக மின்வாரியத்திடம் ஒப்புக்கொண்ட அளவை, பொறுத்தது. யூனிட்டைக் குறைப்பதால் மட்டும் அது குறைந்துவிடாது. ஆகவே பில்லின் மொத்தத் தொகை பாதியாகிவிடும் என்று எவரேனும் சொன்னால், யூனிட் கட்டணத்தையும் நிலைக்கட்டணத்தையும் பிரித்துக் காட்டும்படி கேளுங்கள்.

பில்லில் தெரியாத நன்மைகளை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். வீணாகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. தகரக் கூரை போட்ட கூடத்தில் சித்திரை வெயிலோடு 12 மோட்டார்களின் சூடும் சேர்ந்தால், அதைத் தாங்குவது டெய்லர்களின் கால்கள்தான். மோட்டார்களை மாற்றிய பிறகு மேசைக்கு அடியில் அந்த அனல் இல்லை. சத்தமும் வெகுவாகக் குறைந்து, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் உரக்கக் கத்தாமல் பேச முடிகிறது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில், உழைப்பவர்களுக்கு மதியத்துக்கு மேல் வரும் களைப்பு எவ்வளவு முக்கியமான விஷயம் என்பது கூடம் நடத்தும் ஒவ்வொருவருக்கும் தெரியும். மின்தடையின்போது ஜெனரேட்டரின் சுமையும் குறைகிறது. கிளட்ச் மோட்டார்கள் ஒரே நேரத்தில் கிளம்பும்போது வரும் திணறலும் இப்போது இல்லை.

தையலின் தரத்திலும் பயன் உண்டு. உச்ச வேகத்தைப் பொத்தான் வழியாகக் கட்டுப்படுத்தலாம் என்பதால், புதிதாக வேலை பழகுபவருக்குக் குறைந்த வேகத்தை வைத்துக்கொடுத்துப் படிப்படியாக உயர்த்த முடிகிறது. இருந்தாலும் கிளட்ச் மோட்டாரில் பல ஆண்டுகள் பழகிய கால்கள் முதல் சில நாட்கள் தடுமாறவே செய்தன. பெடலின் தொடுகை வேறு, வேகம் ஏறும் விதம் வேறு. அந்த நாட்களில் பீஸ் எண்ணிக்கை குறையும் என்பதை எதிர்பார்த்து, டெய்லரின் கூலி பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை என்று நினைக்கிறேன். கனமான மடிப்புகளில், குறிப்பாக இரண்டு மூன்று அடுக்கு சேரும் இடங்களில், குறைந்த வேகத்தில் ஊசி திணறி நிற்பது விலை மலிவான மோட்டார்களில் உண்மையான குறை. பனியன் துணிக்கு அது பெரிய தடையில்லை. ஜீன்ஸ் தைப்பவர்கள் கூடுதல் திறனுள்ள மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும்.

நீடித்த உழைப்பில் பழைய மோட்டாரே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளட்ச் மோட்டார் எரிந்தால் உள்ளூரிலேயே காயில் கட்டிவிடலாம். சர்வோ மோட்டாரின் கன்ட்ரோல் பாக்ஸில் உள்ள மின்னணுப் பலகை மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் தாங்குவதில்லை. எங்களிடம் இரண்டு பாக்ஸ்கள் அப்படிப் பழுதாயின, அவற்றில் ஒன்றுக்கு விற்ற கடை வாரண்டியை ஏற்க மறுத்தது. பஞ்சுத் தூசி உள்ளே சேர்வதும் இன்னொரு காரணம். வாரம் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்வதும், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பதும், இயந்திர வரிசைக்கு ஒரு ஸ்டெபிலைசர் வைப்பதும் இதற்குப் பிறகு எங்கள் வழக்கமாகிவிட்டன.

துணியின் ஓரத்தை வெட்டிச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக், பனியனின் ஓரங்களைத் தட்டையாக மடித்துத் தைக்கும் பேட்லாக் இயந்திரங்களுக்கு நான் இதை உடனே பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் நீளமான தையல் தொடர்ச்சியாக ஓடுவதால் சும்மா சுழலும் நேரம் குறைவு. அதற்கேற்பச் சேமிப்பும் குறையும், முதல் திரும்ப அதிக காலம் பிடிக்கும். அந்தப் பணத்தில் கூடத்தின் 75 வாட் மின்விசிறிகளை மாற்றிவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட) மின்விசிறிகளைப் போடுவது நல்லது. கூரை விசிறிகளுக்கு 2023 முதல் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால், தேர்வு செய்வது அங்கே எளிது. தையல் மோட்டார்களுக்கு அப்படியொரு குறியீடு இல்லை என்பதால்தான் வாட் மீட்டரை வற்புறுத்துகிறேன்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் லேபிள், பட்டி வேலை நடக்கும் ஒன்றிரண்டு மேசைகளில் மட்டும் பொருத்தி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றை மாற்றலாம். கன்ட்ரோல் பாக்ஸ் தனியாகக் கிடைக்குமா, அதன் விலை என்ன, வாரண்டியில் மின்னணுப் பலகையும் அடங்குமா என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அப்படி எழுதித் தர மறுக்கும் கடையில் நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.