பாகாயமா, பெங்களூரா, பக்கத்துத் தெருவா: விபத்துக்குப் பிறகு மகனுக்கு வைத்தியம் தேடியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் கடைசியில் போனது பக்கத்துத் தெருவுக்குத்தான். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், தெரிந்தே படியுங்கள்.

போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த மூன்றாம் நாள், எங்கப்பா என் மகனை டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் லாரி இடித்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். மகனுக்கு எட்டு வயசு, முழங்காலில் மூன்று தையல், அவ்வளவுதான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே பெரிய விஷயம்" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

தையல் பிரித்த பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று வயசிலேயே நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தது. ஏர் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், எங்கள் வீடோ ஹைவேயிலிருந்து நான்கு தெரு தள்ளி, ராத்திரி பூரா ஹாரன்தான். பொம்மை லாரியை எடுத்துச் சுவரில் மோதுவான், எடுப்பான், மறுபடி மோதுவான், அரைமணி நேரம் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். முதல் மாதத்தில் இதெல்லாம் பல பிள்ளைகளுக்கு வரும், பெரும்பாலும் தானாகவே தணியும், அதனால் உடனே பதற வேண்டாம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் அப்படியே நின்றால்தான் ஆள் தேட வேண்டும். எங்களுக்கு இரண்டு மாதம் ஆகியும் குறையவில்லை.

மந்திரிப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். "பயந்த கோளாறு" என்று ஆயா வேப்பிலை அடிக்கவைத்தார்கள், சாயங்காலம் மசூதி வாசலில் அவனைக் கூட்டிப் போய் நின்று, தொழுகை முடிந்து வருகிறவர்களிடம் ஓதி ஊதவைத்தார்கள். வேலூரில் எந்தச் சாதி, எந்த மதமானாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே நிற்காத அம்மா குறைவு. ஆயாவுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வந்தது, பிள்ளைக்கு வரவில்லை. கெடுதல் எதுவும் இல்லை, இதை மட்டுமே நம்பி மாதங்களை ஓட்டாதவரைக்கும்.

14416-ஐயும் சீக்கிரம் சொல்லிவிடலாம். டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு எண், காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அவன் வியர்த்து எழுந்து கத்தியபோது நான்தான் அழைத்தேன், பேசியதும் எனக்காகத்தான். அதற்கு அது ரொம்ப நல்லது. ஆனால் எட்டு வயசுப் பிள்ளைக்குப் போனிலேயே முழு வைத்தியம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். வீடியோ காலும் ஒரே ஒரு தடவை பார்த்தோம், அவன் கேமராவில் தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வயசுப் பிள்ளைகளுக்கு ஒருவேளை ஒத்துவரலாம்.

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம்.

பாகாயம் என்றால் வேலூர்க்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான், "உன்னைப் பாகாயத்துலதான் சேக்கணும்" என்று சின்ன வயசில் எங்களையே திட்டியிருக்கிறார்கள். அந்தப் பேச்சினாலேயே என் வீட்டுக்காரர் ஒரு மாதம் இழுத்தடித்தார். சிஎம்சியின் மனநல மையம் அங்கே 1957-லிருந்து நடக்கிறது, நோயாளியைத் தனியாக அடைத்து வைக்காமல் குடும்பத்தையும் கூடவே தங்கவைக்கும் வழக்கத்தை இந்த நாட்டில் முன்கூட்டியே கொண்டுவந்த இடங்களில் அதுவும் ஒன்று. குழந்தைகளுக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போனதில் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம், இது என்ன என்பதற்கு ஒரு பெயரும், இது என்ன இல்லை என்பதற்கு ஒரு தெளிவும். அவனை உட்கார வைத்து, என்னைத் தனியாகக் கேட்டு, பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கேட்டு, பொறுமையாகப் பார்த்தார்கள். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வாரா வாரம் பேச்சு வைத்தியம்தான் வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து நான் படித்ததும் அதோடு ஒத்துப்போனது: இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பதினெட்டு வயசுக்குக் கீழே இந்த மாதிரி அதிர்ச்சிக் கோளாறுக்கென்று மருந்து கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. முதலில் கொடுக்கச் சொல்வது டிராமா ஃபோகஸ்டு சிபிடி என்கிற முறையை, அதாவது அந்த அதிர்ச்சி நினைவையும் பயத்தையும் பேசிப் பேசிப் பழகித் தணிக்கிற பேச்சு வைத்தியத்தை. அதில் பலன் இல்லாமல், பிள்ளைக்கு ஏழு வயசும் ஆகியிருந்தால் இஎம்டிஆர், கண்ணை இடம் வலமாக அசைக்கவைத்துக்கொண்டே அந்த நினைவைக் கையாளுகிற முறை. (கூடவே வேறு சிக்கல் இருந்து டாக்டர் மாத்திரை எழுதினால் அது வேறு கதை, நான் சொன்னேன் என்று நிறுத்திவிடாதீர்கள்.)

பெங்களூர் நிமான்ஸ், மனநலத்துக்கும் நரம்புக்குமான மத்திய அரசு ஆஸ்பத்திரி, அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தைகளுக்குத் தனித் துறை, தனி வார்டு எல்லாம் உண்டு. நாத்தனார் அங்கேதான் இருக்கிறார், "வந்துடு, இங்கயே பாத்துக்கலாம்" என்றார். காட்பாடியில் ரயில் ஏறினால் லாரியைப் பார்க்காமலே போய்விடலாம் என்று நானும் கணக்குப் போட்டேன். அப்புறம் வாரங்களை எண்ணிப் பார்த்தேன். இந்த வைத்தியம் பொதுவாக 12-லிருந்து 16 சிட்டிங். 200 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பக்கம், வாரா வாரம் ஒரு நாள் பள்ளிக்கூடம் போச்சு, எனக்கும் சம்பளம் போச்சு. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர பெங்களூரைப் போல இடமில்லை, பன்னிரண்டு தடவைக்கு எங்களால் ஆகாது. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போனோம். சீட்டுக்குக் காசில்லை, பார்த்த டாக்டர் நன்றாகவே பேசினார். ஒரே ஒரு நாளை வைத்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கையில் பணம் இல்லையென்றால் முதல் வாசல் அதுதான், தயங்க வேண்டாம்.

இனி என் கட்சி. பாகாயத்தில் சொன்னதை வைத்துக்கொண்டு, அதே வைத்தியத்தை வாரா வாரம் செய்ய வீட்டுக்குப் பக்கத்தில் ஆள் உண்டா என்று தேடினோம். அதற்கு முன்னால் ஒரு அடியும் வாங்கினோம். "சைல்டு கவுன்சிலிங்" என்று போர்டு போட்ட ஒரு இடம். உட்கார்ந்ததும் உட்காராததுமாக "லாரி எப்படி வந்துச்சு, தாத்தா எங்க விழுந்தாரு, சொல்லு" என்று அந்த ஆள் ஆரம்பித்துவிட்டார். திரும்பி வரும்போது பிள்ளை ஆட்டோவிலேயே வாந்தி எடுத்தான், அன்றைக்கு ராத்திரி நாலு தடவை அலறினான். கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும், 1992-லேயே அதற்குச் சட்டம் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியில் கிடைத்த மேடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். மாடி ரூம், ஒரு மேஜை, ஒரு பாய், கொஞ்சம் பொம்மை. பெரிய ஆஸ்பத்திரியின் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. அவசரம் என்றால் மாத்திரை எழுத அங்கே டாக்டர் கிடையாது, ஒரு சிட்டிங்குக்கு 800 ரூபாய், இன்ஷூரன்ஸில் வாங்க முடியவில்லை. ஆனாலும் நான் அந்த இடத்தைத்தான் சொல்வேன், காரணம் அந்தப் பன்னிரண்டு நிமிஷம்.

என் பிள்ளையின் வியாதியே ரோடுதான். பாகாயம் போக வேண்டுமென்றால் பழைய பஸ் ஸ்டாண்டு வந்து இன்னொரு பஸ் மாற வேண்டும். முதல் தடவை போனபோது வழி முழுக்க என் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டு, இறங்கும்போது சட்டை தொப்பலாக நனைந்திருந்தான். அப்படிப் போய்ச் சேர்ந்த பிள்ளை உள்ளே என்ன பேசுவான்? மேடத்திடம் போக அந்தச் சர்வீஸ் ரோட்டை ஒரு இடத்தில் தாண்டினால் போதும். முதல் வாரம் இடுப்பில் தூக்கிக்கொண்டு தாண்டினேன், எட்டு வயசுப் பிள்ளையை, இடுப்பு விட்டுப்போச்சு. மேடம் அதைக் கேட்டுவிட்டு, சரி, அதையே பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். மூன்றாம் வாரம் இறக்கி விட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஆறாம் வாரம் ஒரு கை. ரோட்டோரம் நின்று எத்தனை லாரி போகிறது என்று எண்ணச் சொன்னார், முதல் நாள் இரண்டோடு திரும்பிவிட்டோம், பிறகு பத்து வரை நின்றோம். இந்த முறையில் பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவதும் ஒரு பகுதி. எங்களுக்கு அது போகிற வழியிலேயே கிடைத்துவிட்டது. மழை வந்தாலும் போனோம், எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் வீட்டுக்காரர் கூட்டிப் போனார், ஒரு வாரம்தான் விட்டது. தூரமாக இருந்திருந்தால் ஐந்தாறு விட்டிருக்கும், அது எனக்குத் தெரியும், என் குணம் அப்படி.

இன்னொன்று, எப்போதும் ஒரே ஆள். முதல் நான்கைந்து வாரம் விபத்தைப் பற்றி மேடம் பேசவே இல்லை. மூச்சை எப்படி இழுத்து விடுவது, பயம் உடம்பில் எங்கே உட்காருகிறது, கோபத்துக்கு என்ன கலர், இதுதான். என் வீட்டுக்காரர் "800 ரூவா குடுத்து மூச்சு விடக் கத்துக்கிறானா" என்றார். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று அதுவரை சொல்லி வைத்திருந்தோம், அதை முதலில் நிறுத்தச் சொன்னார் மேடம், செத்துப்போய்விட்டார் என்ற வார்த்தையையே சொல்லச் சொன்னார். அதைச் சொன்ன அன்றைக்கு அவன் அழவில்லை, "எனக்குத் தெரியும்" என்றான். நான்தான் அழுதேன்.

ஏழாம் வாரத்திலிருந்து அந்த நாளைப் படமாக வரைய ஆரம்பித்தான், வாரத்துக்கு ஒரு பக்கம். வீடு, வண்டி, தாத்தாவின் தொப்பி. ஒன்பதாம் வாரம் ஒரு கடையை வரைந்தான். அதுவரை எங்கள் யாருக்குமே தெரியாத கடை. ஸ்கெட்ச் வேண்டும் என்று அவன்தான் அடம் பிடித்திருக்கிறான், கடைக்காகத்தான் தாத்தா வண்டியைத் திருப்பியிருக்கிறார். "நான் கேக்கலன்னா தாத்தா திரும்பியிருக்க மாட்டாரு இல்ல?" என்று மேடத்திடம் கேட்டிருக்கிறான். எட்டு மாதமாக அந்தக் கணக்கைத் தனியாகச் சுமந்திருக்கிறான், என்னிடம்கூடச் சொல்லவில்லை, செத்தது என் அப்பா இல்லையா, எப்படிச் சொல்வான். ஒவ்வொரு தடவையும் புது முகம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்தக் கடை வெளியே வந்திருக்காது என்பது என் நம்பிக்கை, நிரூபிக்க முடியாது. அடுத்த வாரம் என்னையும் உள்ளே கூப்பிட்டார், அவன் பக்கம் பக்கமாகப் படித்தான், நான் கேட்டேன். லாரியை ஓட்டியது யார் என்று மேடம் கேட்டார். லாரி டிரைவர் என்றான்.

நடக்கிற தூரம் என்ற என் அளவுகோல் எல்லாருக்கும் பொருந்தாது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, சாப்பாட்டை நிறுத்திவிட்ட பிள்ளை, சாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளை என்றால் மாடி ரூமைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. பாலியல் கொடுமை என்றால் அதில் எனக்கு அனுபவம் இல்லை. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி தெரிந்தவர்கள் தெரிவித்தே ஆக வேண்டும், முதல் அழைப்பு குழந்தைகள் உதவி எண் 1098. ஊரில் ஆளே இல்லாத, குடியாத்தம் தாண்டிய கிராமம் என்றாலும் பாகாயம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும். நாங்களும் அங்கே முதலில் போகாமல் நேராக மாடி ரூமுக்கு வந்திருந்தால் எதைக் கேட்பது என்றே தெரிந்திருக்காது.

இதுவரை பதினைந்து சிட்டிங், 12,000 ரூபாய். படுக்கை நனைவது நின்றுவிட்டது. ஹாரனுக்கு இன்னும் திடுக்கிடுகிறான், ஆனால் கட்டிலுக்கு அடியில் போவதில்லை. இப்போது மாதம் ஒரு தடவை போதும் என்கிறார் மேடம். ஜூனில் எங்கப்பாவின் முதல் திதி வருகிறது, பள்ளிக்கூடமும் அப்போதுதான் திறக்கும், அதனால் அந்த வாரத்துக்கு இரண்டு நாள் சேர்த்துக் கேட்டு வைத்திருக்கிறேன், ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு.