4கே காபரேட்டர் கிட்: வாங்க முதல் கண்ணாடியைப் பாருங்கள்

காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது, பத்து செக்கன் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. டொயோட்டாவின் 4கே எஞ்சின் பூட்டிய பழைய கரோலாவுக்கு இந்த வருத்தம் வந்தால் "ஒரு காபரேட்டர் கிட் போட்டு விடுங்கோ" என்பார்கள். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது காபரேட்டர்; அதில் தேய்ந்துபோகும் சின்னச் சாமான்களைப் புதிதாக மாற்றும் பைதான் கிட். திருகோணமலை டவுன் பார்ட்ஸ் கடைகளில் பெயர் எதுவும் இல்லாமல் பொலித்தீன் பையில் வரும் அந்தக் கிட் மோசமான சாமான் இல்லை. ஆனால் எந்த நோய்க்கு மருந்து என்று தெரியாமல் வாங்கினால் காசும் ஒரு நாளும் வீண்.

பைக்குள் நீடில் வால்வும் (பெற்றோல் வரவைத் திறந்து மூடும் ஊசி) அது அமரும் சீட்டும், கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டுகள், அக்சிலரேட்டர் பம்பின் பிளஞ்சர், ஓ-ரிங், செம்பு வாஷர்கள் இருக்கும். ஜெட் (பெற்றோலை அளந்து விடும் பித்தளைத் துவாரம்), மிதவை (மட்டத்தோடு ஏறி நீடிலை மூடுவது), சொலினொயிட் (மின்சாரத்தால் திறக்கும் சின்ன வால்வு), காபரேட்டருக்கு அடியில் வரும் தடித்த இன்சுலேட்டர் இவை இருக்காது. நின்று போகிற காருக்கு இந்தக் கிட் தீர்த்து வைக்கக்கூடியது முக்கியமாக இரண்டுதான்: நீடில் தேய்ந்து பெற்றோல் வழிவது, பழைய கேஸ்கட்டால் கசிவது. பிளஞ்சர் பழுதானால் மிதிக்கும்போது கார் தடுமாறும். ஐடிலில், அதாவது மிதிக்காமல் ஓடும்போது, நிற்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை.

முதலில் எஞ்சின் எந்த நேரத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். சாவியிலிருந்து கையெடுத்த அந்தக் கணமே நின்றால் காபரேட்டரைத் தொடவே வேண்டாம். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ற் வைத்தது என்றால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்பார்க் தரும் கொயிலுக்குப் பற்றரியின் மின்சாரம் நேரே போகும். சாவி திரும்பி வந்ததும் ரெசிஸ்டர் வழியாகப் போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் ஸ்பார்க் அங்கேயே முடிந்தது. மீற்றரில் ஏறத்தாழ ஒன்றரை ஓம் காட்ட வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிறுத்தும் கார்களில் ரெசிஸ்டர் நல்லாக இருந்தும் அதன் முனைகளில் பச்சை பூத்து மின்சாரம் தடைபடும். கழற்றி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிப் பாருங்கள். கிட்டின் விலையே மிச்சம்.

சில செக்கன் ஓடித்தான் நிற்கிறது என்றால் ஐசான் கம்பனியின் காபரேட்டரில் இருக்கும் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடிதான் வைத்தியர். எஞ்சின் நின்றவுடன் ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். பெற்றோல் மட்டம் கண்ணாடியின் நடுவில் நிற்க வேண்டும்.

கண்ணாடி காலியாக இருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. கொயிலின் வயரைக் கழற்றி ஸ்பார்க்கை நிறுத்திவிட்டு, காபரேட்டருக்கு வரும் ஹோஸை ஒரு போத்தலுக்குள் விட்டு, பத்து செக்கன் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விட்டுவிட்டுப் பலமாகப் பீச்சினால் பம்ப் நல்லது; நீடில் ஒட்டிப் பிடித்திருக்கிறது, அல்லது நுழைவாயிலில் இருக்கும் சின்ன வலை அடைத்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் பில்டர், பம்பின் டயப்ரம், வெடித்த ஹோஸ் என்று பின்னோக்கிப் போங்கள். மாரி மழைக் காலத்தில் பாதி காலியான டாங்கிக்குள் தண்ணீர் சேரும். பில்டரின் அடியில் அது தனியாகப் படிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கார் என்றால் டாங்கியில் துருவும் பிசினும் இருக்கலாம். புது பில்டர் சில நாளில் மண்ணிறமானால் டாங்கியைக் கழுவாமல் கிட் போடவே கூடாது, அதே துரு புது நீடிலிலும் போய் உட்காரும்.

மட்டம் நடுவைத் தாண்டி மேலே நிற்கிறது, கறுப்புப் புகை, பிளக் நனைந்து பெற்றோல் மணக்கிறது என்றால் யோசிக்காமல் கிட்டை வாங்குங்கள். இது அதற்கென்றே வந்த நோய்.

மட்டம் சரியாக நடுவில் இருந்து, சோக் இழுத்திருக்கும் வரை ஓடி, உள்ளே தள்ளியதும் நின்றால் ஐடிலுக்குப் போகும் பெற்றோல் குறைவு, அல்லது எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது. சொலினொயிட் உள்ள காபரேட்டர் என்றால் சாவியை ஒன் பண்ணி அதன் வயரைக் கழற்றித் திரும்பத் தொடுங்கள். "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்டால் ஐடிலுக்குப் பெற்றோல் விடும் சுலோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துத் துவாரத்தைப் பாருங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துவாரம் பெருத்துவிடும். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய தங்கூசி நூல் போதும்.

கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அரை மணித்தியாலம் ஓடிச் சூடான பிறகு நிற்பது வேறு கதை. அங்கே கொயில், கொண்டென்சர், பெற்றோல் குழாயில் ஆவி அடைப்பு இவற்றைத் தேடுங்கள்.

வாங்குவது என்று முடிவானால் பழைய கேஸ்கட்டைக் கையோடு கொண்டு போங்கள். புதியதை அதன்மேல் வைத்து வெயிலுக்குப் பிடித்தால் எல்லாத் துவாரத்திலும் வெளிச்சம் வர வேண்டும். மலிவான கிட்டுகளின் பெரிய குறை இதுதான்: பல மொடல்களுக்கும் பொதுவாக வெட்டியதால் ஒரு துவாரம் மூடிப்போகும், பூட்டிய பிறகு ஐடிலே வராது. நீடிலின் நுனி ரப்பர் என்றால் நல்லது. வெறும் பித்தளை என்றால் சின்னத் தூசிக்கும் கசியும். பிளஞ்சரை ஓர் இரவு பெற்றோலில் ஊற வைத்துப் பாருங்கள். ஊதிப் பெருத்தால் பழையதையே திரும்பப் போடலாம்.

பூட்டும்போது மேல் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவையின் பாரத்தில் நீடில் மூடியிருக்க, பெற்றோல் வரும் வாயில் ஒரு சுத்தமான டியூப் வைத்து ஊதுங்கள். காற்றுப் போகக் கூடாது. அடி நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்; பலம் காட்டினால் அடித்தளம் வளைந்து, இல்லாத காற்றுக் கசிவு புதிதாக வரும். ஐடிலின் பெற்றோல் கலவையைத் திருத்தும் மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும் வரை உள்ளே விட்டு, இரண்டரைச் சுற்று வெளியே எடுத்தால் ஸ்டார்ட் பண்ணப் போதும், மிச்சத்தை எஞ்சின் சூடானதும் காது வைத்துத் திருத்தலாம்.

இத்தனையும் செய்து கண்ணாடியில் மட்டம் இன்னும் ஏறிக்கொண்டே போனால் பித்தளை மிதவையைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் தளும்பினால் ஓட்டை. அடுப்பிலிருந்து தூரமாக இறக்கி வைத்த சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி எந்த இடத்தில் வருகிறது என்று தெரியும். மிதவை இந்தக் கிட்டில் வராது, கொழும்பில் வாகனப் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஆள் சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டும்.