பாமினிக் கோப்புகளும் லினக்ஸ் மின்ட்டும்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2013இல் வாங்கிய எனது மடிக்கணினி, 2022இன் பிற்பகுதியில், விண்டோஸ் 10 திறந்து முடிவதற்குள் தேநீர் ஊற்றிக் குடித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்திருந்தது. 4 ஜீபி நினைவகம், பழைய சுழலும் வன்தட்டு, செத்துப்போன பற்றரி, போதாக்குறைக்கு, யூ.எஸ்.பி. துளைகளைக்கூட விட்டுவைக்காத திருகோணமலையின் உப்புக் காற்று. டொலர் ஏறியதால் புதிய மடிக்கணினியின் விலையைக் கேட்கவே தயங்கிய காலம் அது. உப்புவெளியில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், "சேர், புதிதாக வாங்குவதற்கு முன் லினக்ஸ் மின்ட்டை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம்" என்றார். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். புவியியல் ஆசிரியரான எனக்குக் கணினி என்பது வினாத்தாளும் பாடக் குறிப்பும் தயாரிக்கும் பொறி மட்டுமே. அந்த நிலையில் இருந்த ஒருவரின் அனுபவமாகவே இதை வாசிக்க வேண்டும்.

மின்ட் மூன்று பதிப்புகளாக வருகிறது. அவற்றுள் எக்ஸ்எஃப்சிஈ என்பது பழைய கணினிகளுக்கு இலகுவானது என்பதால் 21ஆம் வரிசையின் அந்தப் பதிப்பையே தெரிவு செய்தேன். 2 ஜீபிக்கு மேற்பட்ட அந்தக் கோப்பை இரவு நேர டேட்டாவில் தரவிறக்கிப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் திறந்தபோது எல்லாம் வேலை செய்தது, வைஃபையைத் தவிர. வைஃபை அட்டையை இயங்கவைக்கும் மென்பொருளான இயக்கியை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும் என்ற முடிச்சைக் கைப்பேசி அவிழ்த்தது: அதனை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து, மின்ட்டிலுள்ள இயக்கி மேலாளரைத் திறந்ததும், தேவையான இயக்கியை அதுவே காட்டியது. நிறுவும்போது விண்டோஸை அழிக்காமல் அதன் அருகிலேயே மின்ட்டை வைத்துக்கொள்ளும் தெரிவை எடுத்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் நாலரை மணி என்றது. கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதால், இலங்கைக்கு அந்த வேறுபாடு சரியாக ஐந்தரை மணித்தியாலம். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஒரு வரிக் கட்டளை கொடுத்து, லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்குப் பழக்கிக்கொண்டேன். விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியையும் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் விண்டோஸ் பிரிவிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து வாசிக்கலாமே தவிர, மாற்றிச் சேமிக்க முடியாது.

இவையெல்லாம் இரண்டு நாள் வேலை. என்னை இரண்டு மாதம் அலைக்கழித்தது பாமினி எழுத்துரு.

நம் நாட்டில் பாடசாலை, அலுவலகம், அச்சகம் என்று எங்கு பார்த்தாலும் பாமினிக் கோப்புகள்தான். என் பதினைந்து ஆண்டு வினாத்தாள்களை இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஒஃபிஸில் முதன்முதலில் திறந்தபோது பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய எழுத்துரு. போர்வையை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவி, லிப்ரேஒஃபிஸை மூடித் திறந்ததும் தமிழ் திரும்பி வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து இரண்டாம் தவணை வினாத்தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். சரிபார்த்த ஆசிரியை, "சேர், 'குடல் மட்டத்திலிருந்து உயரம்' என்று ஒரு கேள்வி இருக்கிறதே, இது புவியியலா விஞ்ஞானமா?" என்று கேட்டார். வசனத்தின் முதலெழுத்தைப் பெரிய ஆங்கில எழுத்தாக மாற்றும் தன்னியக்கத் திருத்தம் செய்த வேலை அது. பாமினியில் சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. ஆகவே வசனத் தொடக்கத்தில் நான் அடித்த கடல் குடலாயிற்று. பழைய கணினியில் இந்த வசதியை என்றோ யாரோ அணைத்துத் தந்திருந்ததால், அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கருவிகள் பட்டியலில் தன்னியக்கத் திருத்தத்தைத் திறந்து அந்தத் தெரிவை நீக்கினேன். பாமினியில் வேலை செய்யும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

அந்தக் குடலுக்குப் பிறகுதான் தமிழைத் தமிழாகவே பதியும் பொது முறையான யுனிகோடுக்கு மாறும் எண்ணம் உறுதியானது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதனுடன் பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால், தமிழ் 99, ஒலியியல், தட்டச்சுப்பொறி முறைகளோடு நம் நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் பட்டியலில் கிடைக்கிறது. பாமினிக்குப் பழகிய என் விரல்கள் ரெங்கநாதனுக்கு இசைய ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்தது. பழைய கோப்புகளை இணையத்திலுள்ள மாற்றிகளில் இட்டு மாற்றுகிறேன். எல்லாவற்றையும் அல்ல, மீண்டும் தேவைப்படும்போது மட்டும். இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றிகள் தமிழாக்கிக் குழப்பிவிடும் என்பதால் வரி வரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் மாற்றிய கோப்பில் 'பருவக்காற்று' என்று தேடினால் அந்தச் சொல் கிடைக்கிறது, கைப்பேசியில் அனுப்பினாலும் அப்படியே தெரிகிறது. அந்த வசதிக்காக இந்தச் சிரமத்தைத் தாராளமாகப் படலாம்.

இற்றைப்படுத்தலின்போது ஒருமுறை மின்சாரம் போயிற்று. பற்றரி இல்லாத மடிக்கணினி அந்தக் கணமே அணைந்தது. பிறகு எந்த மென்பொருளையும் நிறுவ மறுத்தது. நிறுவல் இடையில் தடைப்பட்டது, இன்ன கட்டளையைக் கொடு என்று பிழைச் செய்தியே சொல்லியிருந்தும், ஆங்கிலத்தில் சிவப்பாக வந்ததால் வாசிக்காமல் பயந்து இரண்டு நாள் கணினியைத் தொடாமல் விட்டது என் தவறு. சொன்ன கட்டளையை அப்படியே இட்டேன்; ஐந்து நிமிடத்தில் சரியாயிற்று. அதன்பின், கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளில் மீட்புப் பிரதி எடுக்காமல் இற்றைப்படுத்துவதில்லை.

வேகத்தைப் பற்றிச் சொல்வதானால், மின்ட் வந்ததும் கணினி ஓரளவு இலகுவாயிற்று என்பதே உண்மை; 2024இல் வன்தட்டை மாற்றி, சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தைப் போட்ட பிறகுதான் அது உண்மையில் விரைவாயிற்று. லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும் என்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. அச்சுப்பொறி முதல் நாளே தானாக அடையாளம் காணப்பட்டது.

தீராத குறை ஒன்று உண்டு. பாடசாலையின் புள்ளிப் பதிவு விரிதாள், எக்செலின் மேக்ரோக்களில், அதாவது தானாக ஓடும் சிறு கட்டளைத் தொகுப்புகளில், கட்டப்பட்டது. லிப்ரேஒஃபிஸில் திறக்கும், ஆனால் மாணவர்களைத் தரவரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினால் பிழை காட்டி நின்றுவிடும். அதற்காகவே விண்டோஸ் பிரிவை இன்னும் வைத்திருக்கிறேன். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு முடிந்துவிட்டதால் அதனை இணையத்தோடு இணைப்பதில்லை. தவணை முடிவில் திறந்து, புள்ளிகளை இட்டு, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன். மின்ட் 21க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் உண்டு. மின்ட் 22க்கு அடுத்த ஆகஸ்ட் விடுமுறையில் மாறுவதாக இருக்கிறேன், பற்றரியை மாற்றிய பிறகு.