ஸ்டேஷன் பக்கமா, உள்ளடங்கிய தெருவா?

புறநகரில் வீடு தேடுகிறவர்கள் கடைசியில் தவிப்பது பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்கு நடுவில்தான். ஒன்று ரயில் நிலையத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் பக்கத்தில், கொஞ்சம் பழசு, கொஞ்சம் சின்னது. இன்னொன்று அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி, புது மனைப்பிரிவில், அதே விலைக்கு ஒரு அறை கூடுதல். வீட்டுக்குள் இருப்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சுற்றுப்புறம் அப்படிச் சட்டென்று தெரிவதில்லை.

முதலில் நேரம். உள்ளே இருக்கும் வீட்டால் போக 25 நிமிடம், வர 25 நிமிடம் கூடுகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 250 வேலைநாள் என்றால் 208 மணி நேரம். கிட்டத்தட்ட ஒன்பது முழு நாள் வழியிலேயே போகிறது. அந்தக் கூடுதல் அறையில் எப்போது உட்காருவது? 'ஸ்டேஷன் பத்தே நிமிடம்' என்று விளம்பரம் சொன்னால் அது அநேகமாக ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. நடுவில் ஒரு ரயில்வே கேட் இருந்தால் கதையே வேறு. வாரநாளில், நீங்கள் கிளம்பும் அதே மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வீட்டிலிருந்தே வேலை என்றால் இந்தப் பத்தியை அப்படியே அடித்துவிடலாம்.

சத்தத்தில் நிலைமை தலைகீழ். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்குக் கொடுத்த வழிகாட்டுதலில், இரவில் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குள்ளும் ரயில் சத்தம் 44-க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. பத்து டெசிபல் ஏறினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். பகலில் வீடு பார்க்கப் போனால் இது பிடிபடாது. தெளிவான இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக நிற்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வரும். அப்படி ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நின்றேன். சரக்கு ரயில் கடந்து முடியும் வரை கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருந்தது. "பழகிடும் சார்" என்றார் தரகர். பழகலாம். இரட்டைக் கண்ணாடி போட்டாலும் குறையும், மூடியே வைத்திருந்தால்.

சத்தத்துக்காவது ஏதோ செய்யலாம். பள்ளத்தில் இருக்கும் மனையை என்ன செய்வது? இதில் இரண்டு பக்கமும் வில்லங்கம் உண்டு. பழைய பகுதியில் ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு குழியில் நிற்கும். வாசலில் ஏறவேண்டிய படி இறங்கும் படியாகியிருக்கும். புது மனைப்பிரிவிலோ நேற்றுவரை தண்ணீர் தேங்கிய நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். 'இங்கெல்லாம் நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தான்' என்று யாராவது ஆறுதல் சொன்னால் ஏமாற வேண்டாம். அதன் அர்த்தம் ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்பது. 30 வருடக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலில் ஒன்று!

தண்ணீருக்குப் பெரிய பரிசோதனை தேவையில்லை. குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தாலே கடினத்தன்மை ஓரளவு தெரியும். குடிக்க உகந்ததா என்பதை மட்டும் ஆய்வகத்தில் கேளுங்கள்.

உள்வீட்டுக்காரர்கள் மறந்துவிடுகிற இன்னொன்று, பக்கத்துக் காலி மனை. இன்றைக்குக் காற்றும் வெளிச்சமும் அள்ளிக் கொடுப்பது அதுதான். நாளைக்கு அங்கே நாலு மாடி எழும்பினால் படுக்கையறையில் பகலிலும் விளக்கு எரியும். அங்கே எத்தனை மாடிக்கு அனுமதி உண்டு என்று விசாரித்துவிடுங்கள்.

தினமும் வேலைக்குப் போகிறவர் என்றால் என் ஓட்டு ஸ்டேஷன் பக்கத்துக்குத்தான். ஆனால் மெயின் ரோட்டின் மேலேயே வேண்டாம். இரண்டு தெரு உள்ளே, படுக்கையறை தண்டவாளத்துக்கு முதுகு காட்டுகிற மாதிரி. உள்ளே இருக்கும் வீட்டை நான் கைவிட்டதற்குக் காரணம் தூரம்கூட இல்லை. அந்தத் தெருவில் எல்லா இரும்பு கேட்டும் முழங்கால் உயரம் வரை ஒரே கோட்டில் துருப்பிடித்திருந்தது. நாங்கள் பார்க்கப் போன வீட்டு கேட்டில் மட்டும் புது பெயின்ட்.