எழுத்துக்கு ஒன்பது, சண்டைக்கு நாலு என்று மார்க் போடலாமா?

'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்ற கணினி விளையாட்டைப் பற்றி எவரிடம் கேட்டாலும் ஒரே பல்லவிதான்: "எழுத்து அபாரம், சண்டை சகிக்காது." பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் உருவாக்கி 1999-இல் வெளிவந்த இந்த ஆர்பிஜிக்கு (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வகை) அன்று முதல் இன்று வரை இதே தீர்ப்பு. பீம்டாக் நிறுவனம் 2017-இல் மெருகேற்றிக் கொண்டுவந்த பதிப்பை ஆடி முடித்த கையோடு எழுதுகிறேன். தீர்ப்பின் இரண்டு பாதியும் உண்மைதான். நடுவில் இருக்கும் அந்தக் காற்புள்ளியோடுதான் எனக்கு வழக்கு. பிழைதிருத்துவது என் பிழைப்பு. காற்புள்ளியோடு மல்லுக்கட்டுவது தொழில்தோஷம்.

கதை தெரியாதவர்களுக்கு: உடம்பெல்லாம் தழும்போடு ஒருவன் பிணக்கிடங்கில் கண்விழிக்கிறான். பெயர் நினைவில்லை, யாரென்று தெரியாது, ஆனால் சாக முடியாது. மிதந்து வரும் ஒரு மண்டையோடு அவனிடம் முதல் ஆளாக வாயாடத் தொடங்குகிறது. மற்ற விளையாட்டுகளில் நாயகன் விழுந்தால் பழைய சேமிப்பைத் திறந்து, நடந்ததை நடக்காததாக்கிவிட்டு மறுபடியும் ஆட வேண்டும். இங்கே விழுந்தவன் எழுந்து நடக்கிறான். அவன் செத்ததும் கதைக்குள் சேர்த்திதான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? கதாசிரியரின் யோசனை என்றா, விதி வகுத்தவரின் யோசனை என்றா?

இன்னும் நெருங்கிப் பாருங்கள். உரையாடல்களில் பல இடங்களில் ஒரே வாக்கியம் இரண்டு முறை வரும். ஒன்றின் முன்னால் 'உண்மை' என்றும் இன்னொன்றின் முன்னால் 'பொய்' என்றும் குறி இருக்கும். எதிரில் நிற்பவன் காதில் விழப்போவது அதே சொற்கள்தான். "உன்னைத் திரும்ப வந்து காப்பாற்றுகிறேன்" என்பதை மனதார நினைத்துச் சொல்கிறோமா, வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கிறோமா என்பதை நம்மிடமே கேட்டுவிட்டு, அதற்கேற்ப நாயகனின் குணத்தை விளையாட்டு மெல்ல நகர்த்துகிறது. இந்த இடத்தில் எழுத்தைப் பிழைதிருத்த எனக்கு ஒன்றுமே இல்லை. வாக்கியம் சாதாரண வாக்கியம். அதைக் கனமாக்குவது முன்னால் நிற்கும் அந்த ஒற்றைக் குறி.

பெயர் கேட்பவர்களிடம் 'அடான்' என்று பொய் சொல்லும் வாய்ப்பும் அவ்வப்போது வரும். விளையாட்டு அதைச் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. போதுமான பேரிடம் சொல்லிவிட்டால், அடான் என்ற ஆளே உண்மையில் உருவாகி ஒரு மதுக்கடையில் வந்து நிற்கிறான். நம்பிக்கைக்கு உலகையே மாற்றும் வலிமை உண்டு என்பது இந்தக் கதையுலகின் அடிப்படை. அதைப் பத்துப் பேர் பத்துவிதமாகப் பிரசங்கம் செய்கிறார்கள். எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. ஓர் எண்ணிக்கையும் ஒரு ஆளும் சேர்ந்து அதைப் புரியவைத்துவிடுகின்றன.

எனக்கு மிகப் பிடித்தது டக்கானின் வட்டம். உடன் வரும் இந்த வாள்வீரர் ஒன்றுக்குள் ஒன்று கோத்த கல்வளையங்களாலான ஒரு மறைநூலைக் கையில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வளையத்தைத் திருகித் திறக்கும்போதும் ஒரு பழங்கதை. படித்ததும் "என்ன அறிந்தாய்?" என்பார். ஞானம் என்ற பண்பில் போதிய புள்ளி இருந்தால்தான் சரியான விடை நம் தேர்வுப் பட்டியலிலேயே தோன்றும். சரியாகச் சொன்னால் அந்தக் கதையிலிருந்து பிறந்த மந்திரம் கிடைக்கும். நாயகன் மந்திரவாதியாக இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஒரு கட்டத்துக்கு மேல் அவருக்கே தெரியாத வளையங்கள் திறக்கின்றன. சீடன் குருவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை வருகிறது. அப்போது அந்த மனிதருக்குள் என்ன உடைகிறது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வாசிப்பு, தேர்வு, ஞானப் புள்ளி, மந்திரம், ஒரு மனிதரின் நம்பிக்கை நெருக்கடி எல்லாம் ஒரே முடிச்சு. எழுத்து இது, இயக்கம் (விளையாட்டின் விதியும் ஆட்டமுறையும்) அது என்று இதைப் பிரிக்கிறவர்கள் எந்த நூலைப் பிடித்து இழுப்பார்கள் என்று தெரியவில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். உண்மையிலேயே சகிக்காது. இன்பினிட்டி என்ஜின் என்ற பழைய மென்பொருளில் ஓடும், நிறுத்தி நிறுத்தி ஆடும் வகை. கூட்டாளிகள் குறுகிய வழிகளில் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்பார்கள். பெரிய மந்திரத்தை ஏவினால் அதற்கென்று ஒரு குறும்படமே ஓடும். முதல் தடவை வாய்பிளந்து பார்க்கலாம், அடுத்தடுத்து வந்தால் கொட்டாவி. கதை தொடங்கும் சிகில் நகரத்தை விட்டு வெளியேறிய பிறகு, பேசித் தீர்த்துப் பழகிய நம்மை அடித்துத் தீர்க்கச் சொல்கிறார்கள். அங்கே கைவேலை மட்டமாக இருப்பதுகூட எனக்குப் பெரிதில்லை. அந்தச் சண்டைகளுக்கு நாயகன் யாரென்றே தெரியாது என்பதுதான் குறை. அதுவரை ஒவ்வொரு பொய்யையும் எண்ணிவைத்த விளையாட்டு, திடீரென்று அவனை எந்த அடியாளும் செய்யக்கூடிய வேலைக்கு அனுப்பிவிடுகிறது.

எழுத்துக்கும் முழு மார்க் கிடையாது. இதைச் சொன்னால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். தெருவில் நிற்கும் ஒருவரிடம் வழி கேட்டால் அவர் சார்ந்த பிரிவின் கொள்கை விளக்கக் கூட்டமே நடத்திவிடுகிறார். என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மசி தீர்ந்திருக்கும். இருந்தாலும் வளவளக்கும் வசனத்தை ஒரு விசையைத் தட்டித் தாண்டிவிடலாம். மோசமான சண்டையில் மாட்டிக்கொண்டால் அதை முடிக்கும்வரையோ, தலைதெறிக்க ஓடித் தப்பும்வரையோ விடுதலை இல்லை. ஆகவே இயக்கத்தின் குறையை "எழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்கள் பிறருடைய நேரத்தைத் தாராளமாகத் தானம் செய்கிறார்கள்.

நேர் எதிர்முனையில் லாரியன் ஸ்டூடியோஸின் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2'. 2017-இல் வந்தது. சண்டைக்காகக் கொண்டாடப்படுவது, கதைக்காக அல்ல. எண்ணெய் கொட்டிய தரையில் தீப்பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். தேங்கிய நீரில் மின்சாரம் பாயும். முக்கியக் கதை தேவர்கள், தெய்வாம்சம் என்று நமக்குப் பழகிய தடத்தில்தான் போகிறது. ஆனால் அதன் சிறந்த எழுத்தை வசனத்தில் தேடாதீர்கள், விதிகளில் தேடுங்கள். எல்ப் இனத்தவர் பிணத்தின் உறுப்பைத் தின்றால் செத்தவரின் நினைவு அவர்களுக்குள் வருகிறது. சில சமயம் அவருடைய வித்தையும். எலும்புக்கூடான பேன் என்ற பாத்திரத்துக்கு விஷம் மருந்து, மருந்து விஷம். முகத்தை மூடாமல் வெளியே போனால் ஊரே அலறும். பூட்டைத் திறக்கச் சாவியோ கம்பியோ வேண்டாம், விரலெலும்பே போதும். ஒரு பத்திகூடப் படிக்காமல் அவன் யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே விளையாட்டில் விதியே கதையைக் கெடுக்கும் இடமும் உண்டு. ஒவ்வோர் எதிரிக்கும் இரண்டு கவசம்: ஆயுத அடியைத் தாங்க ஒன்று, மந்திரத்தைத் தாங்க ஒன்று. வாள்காரர் ஒன்றைக் குறைப்பார், மந்திரவாதி மற்றதைக் குறைப்பார். இருவர் உழைப்பும் சேராது. கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர் தன் அணியின் நாலு பேரையும் ஒரே வகை அடிக்குத் திருப்பிவிடுவார். தனித்தனிக் கடந்தகாலத்தோடு செதுக்கிய ஆட்களை ஒரே அச்சில் வார்க்க ஆசை காட்டும் விதியை, "சண்டை அருமை" என்ற ஒரே வரியில் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

மூன்றாவதாக 'டிஸ்கோ எலிசியம்', 2019. இதில் வழக்கமான சண்டை முறையே கிடையாது என்பதால், "இது விளையாட்டா, நாவலா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாயகனின் 24 திறன்களும் அவன் தலைக்குள் பேசுகின்றன. கலைக்களஞ்சியத் திறனில் புள்ளியைக் கொட்டினால், கொலை விசாரணையின் நடுவே யாருக்கும் வேண்டாத தகவல் மழையாகப் பொழியும். புள்ளி கூடினால் நல்லது என்ற ஆர்பிஜி பாலபாடத்தையே இது கலைத்துப்போடுகிறது. உடல் பலத்தில் கஞ்சத்தனம் செய்திருந்தால், மின்விசிறியில் சுற்றும் கழுத்துப்பட்டையை எடுக்கப்போய் மாரடைப்பில் சாகலாம், அதுவும் முதல் அறையிலேயே. இரண்டு பகடை உருட்டித் தோற்றாலும் பல இடங்களில் வென்றவனைவிட நல்ல காட்சி தோற்றவனுக்குத்தான் கிடைக்கிறது.

ஒரே ஓர் எரிச்சல் சட்டை. உடைகள் திறன்களைக் கூட்டும், குறைக்கும். வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று முன்கூட்டியே திரையில் தெரியும். விளைவு? ஒருவர் கண்கலங்கி நம்மிடம் பேசிக்கொண்டிருப்பார். நாமோ உரையாடலை முறித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, வேறு கால்சட்டை மாட்டி, ஒரு புள்ளி தேற்றிக்கொண்டு திரும்பி வருவோம். அத்தனை நேர்த்தியான எழுத்தின் நடுவே இந்தத் துணிக்கடை வேலை எதற்கு? இதற்கு நிச்சயம் மார்க் குறைப்பேன், எழுத்திலும் சேர்த்தே. அந்தக் காட்சியின் தாளத்தைக் கெடுத்தது அந்த விதிதானே.

எதை வாங்குவது? வாசிக்கச் சலிக்காதவர்கள் டிஸ்கோவில் தொடங்கலாம். 2021-இல் வந்த பதிப்பில் வசனம் முழுக்கக் குரலிலும் கேட்கலாம். நண்பர்களோடு சேர்ந்து ஆட டிவினிட்டி. டார்மென்டை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் பழைய முகத்தைப் பொறுத்துக்கொள்ளக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பீம்டாக் பதிப்பில் டேப் விசையை அழுத்தினால் எடுக்கக்கூடிய பொருள்கள் பளிச்சென்று தெரியும். பழைய ஆட்டத்தில் அவற்றை மவுஸால் துழாவியே கண் பூத்துப்போகும். தொடக்கத்தில் ஆறு பண்புகளும் ஒன்பதில் நிற்க, பகிர்ந்துகொள்ள 21 புள்ளி தருவார்கள். சண்டைக்குப் பயந்து வலிமையில் போடாதீர்கள். ஞானத்தை 18 ஆக்கிவிட்டு, மீதி 12-ஐ அறிவுக்கும் வசீகரத்துக்கும் ஆளுக்கு ஆறாகக் கொடுங்கள். ஞானம் கூடினால் அனுபவப் புள்ளியும் கூடுதலாகச் சேரும். நிலை உயர உயரக் கிடைக்கும் பண்புப் புள்ளிகளைப் பிறகு வலிமையில் போட்டுக்கொள்ளலாம்.